15 ஆண்டு அனுபவமுள்ள மென்பொருள் பொறியாளரின் வேலையை ஏஐ எடுத்துக்கொள்ளுமா?

கேட்டவர் ஜாவா மொழியிலும் ஆரக்கிள் டேட்டாபேஸிலும் 15 ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். வயது நாற்பதை நெருங்குகிறது, வீட்டுக் கடன் பாதிதான் அடைந்திருக்கிறது. ஏஐ கருவிகள் கோட் எழுதித் தள்ளுவதைப் பார்த்த பிறகு, தன் அனுபவத்துக்கு இனி என்ன மதிப்பு என்று கேட்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 15 ஆண்டில் கைக்குப் பழகிய விஷயங்கள் உண்டு: எந்த லைப்ரரியில் எந்த மெத்தட், எக்ஸ்எம்எல்-ஐ எப்படிப் பிரிப்பது, ஸ்பிரிங்கில் எந்த அனோட்டேஷன் எங்கே வரும். இவற்றின் விலை ஏற்கெனவே விழுந்துவிட்டது, இனி ஏறாது. அதே ஆண்டுகளில் ஒரு சிஸ்டத்தைப் பற்றிச் சேர்ந்த அறிவும் உண்டு: எது எங்கே உடையும், ஏன் அப்படி எழுதினார்கள், உடைந்தால் யாருக்கு நஷ்டம். இதற்குத் தேவை கூடிக்கொண்டே போகிறது. ஒரே ஆளிடம் இரண்டும் கலந்துதான் இருக்கும். உங்களிடம் எது எவ்வளவு என்பதைப் பொறுத்தே உங்கள் நிலைமை.

ஏஐ-யைக் குறைத்து மதிப்பிடுவதால் யாருக்கும் பயன் இல்லை. எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் என்ற தேர்வு 2023-இல் வந்தது. 12 பைத்தான் திட்டங்களில் உண்மையாகவே பதிவான 2,294 பிழைகளைக் கொடுத்துத் திருத்தச் சொல்லும் தேர்வு அது. அப்போது முதலிடத்தில் இருந்த கிளாட் 2 திருத்தியது 1.96 சதவீதம். அதே தேர்விலிருந்து மனிதர்கள் சரிபார்த்துத் தேர்ந்தெடுத்த 500 பிழைகளில், 2025 நடுவில் வந்த மாடல்கள் 70 சதவீதத்தைத் தாண்டின. இரண்டும் ஒரே பட்டியல் இல்லை என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், இரண்டே ஆண்டில் இது பெரிய பாய்ச்சல்.

ஆனால் அந்தத் தேர்வு எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். பிழை இன்னதென்று ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். எந்த ரெப்போவில் (கோடைச் சேமித்து வைக்கும் இடம்) என்பது தெரியும். திருத்தம் சரியா என்று சொல்லும் டெஸ்டும் தயாராக இருக்கிறது. அலுவலகத்தில் நாள் முழுக்க நடப்பது இந்த மூன்றையும் கண்டுபிடிக்கும் வேலைதான். "ரிப்போர்ட்டில் தொகை உதைக்கிறது" என்று அக்கவுண்ட்ஸிலிருந்து ஒரு வரி வரும். அது ரவுண்டிங் பிரச்சினையா, சர்வர் தேதியை யுடிசி-யில் (உலகப் பொது நேரத்தில்) எண்ணுவதால் அதிகாலை 5:30 வரை முந்தைய நாள் என்று ஆகிறதா, இல்லை அக்கவுண்ட்ஸின் எக்செல்தான் தப்பா என்று முடிவாவதற்குள் அரை நாள் போய்விடும். திருத்தம் நாலு வரிதான் இருக்கும்.

வேகத்தைப் பற்றி இரண்டு அளவீடுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். கிட்ஹப் கோபைலட் வந்த புதிதில் 95 பேரிடம் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு எச்டிடிபி சர்வர் எழுதச் சொன்னார்கள். கருவி வைத்திருந்தவர்கள் 55.8 சதவீதம் விரைவாக முடித்தார்கள். 2025-இல் மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு வேறொரு சோதனை செய்தது. அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்கள், தாங்கள் பல ஆண்டுகளாகப் பராமரிக்கும் பெரிய திட்டங்களில், 246 வேலைகள். ஏஐ-யைப் பயன்படுத்திய வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. தொடங்கும் முன் 24 சதவீதம் நேரம் மிச்சமாகும் என்று நினைத்தார்கள். முடித்த பிறகும் 20 சதவீதம் மிச்சமானதாகவே நம்பினார்கள்.

அந்த 19-ஐப் பிடித்துக்கொண்டு நிம்மதி அடைய வேண்டாம். அவை 2025 தொடக்கத்துக் கருவிகள், பிறகு நிறைய மாறிவிட்டன. நினைத்ததற்கும் கடிகாரம் காட்டியதற்கும் இடையே இருந்த இடைவெளிதான் கவனிக்க வேண்டியது. வெற்றுத் தாளில் சின்ன வேலை என்றால் கருவிக்குக் கொண்டாட்டம். பத்து லட்சம் வரி கொண்ட பழைய கோடை நன்றாக அறிந்தவருக்கு, கருவி எழுதியதைப் படித்துத் திருத்தும் நேரம், தானே எழுதும் நேரத்தைத் தாண்டிவிடக்கூடும். எந்த வேலையை எதற்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பதே இப்போது ஒரு திறமை.

இனி ஒரே ஒரு டிக்கெட்டை, அதாவது எழுத்தில் வந்த ஒரு வேலைக் கோரிக்கையை, கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

"பேமென்ட் கேட்வே சில நேரம் 30 வினாடி வரை பதில் தராமல் டைம் அவுட் ஆகிறது. ரீட்ரை சேர்க்கவும்." ஏஜென்டிடம் (தானே கோட் எழுதி ஓட்டிப் பார்க்கும் ஏஐ கருவியிடம்) கொடுத்தால் சில நிமிடங்களில் கோட் வந்துவிடும். தோற்றால் மூன்று முறை மறுமுயற்சி, இடைவெளி 1, 2, 4 வினாடி என்று இரட்டிக்கும், ஒவ்வொரு முயற்சிக்கும் லாக், ஆறு டெஸ்ட், ஆறும் பச்சை. படிக்கவும் அழகாக இருக்கும். மேலோட்டமாகப் பார்ப்பவர் அப்ரூவ் கொடுத்துவிடுவார்.

டைம் அவுட் என்றால் பணம் எடுக்கப்படவில்லை என்று அர்த்தம் இல்லை. எடுக்கப்பட்டதா இல்லையா என்று நமக்குத் தெரியவில்லை என்று மட்டுமே அர்த்தம். பணப் பரிமாற்றத்தை நடத்தித் தரும் அந்த கேட்வே, வாடிக்கையாளரின் கணக்கிலிருந்து 1,850 ரூபாயை எடுத்துவிட்டு, பதில் திரும்பி வரும் வழியில் தொலைந்திருக்கலாம். இப்போது ரீட்ரை போனால் இன்னொரு 1,850 போகும். இதைத் தடுக்கத்தான் ஐடெம்பொட்டன்சி கீ. ஒரு பேமென்ட்டுக்கு ஒரே அடையாள எண். எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண் போக வேண்டும். கேட்வே அதைப் பார்த்து, புதிதாகப் பணம் எடுக்காமல் பழைய பதிலையே திருப்பித் தரும். அந்த எண்ணை ரீட்ரை லூப்புக்குள் உருவாக்கினால் ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண் பிறக்கும், பாதுகாப்பு பூஜ்யம். இந்தத் தப்பு மனிதர் எழுதும் கோடிலும் வரும், கருவி எழுதும் கோடிலும் வரும். லூப்புக்கு வெளியே உருவாக்கினாலும் மெமரியில் மட்டும் வைத்தால் போதாது. நடுவில் சர்வர் ரீஸ்டார்ட் ஆனால் எண் காணாமல் போகும். முதல் அழைப்புக்கு முன்பே டேட்டாபேஸில் எழுதி கமிட் செய்திருக்க வேண்டும்.

அதோடு முடியவில்லை. முதல் அழைப்பும் மூன்று மறுமுயற்சியும் சேர்த்து நாலு தடவை 30 வினாடி, இடைவெளிகள் 7 வினாடி, மொத்தம் 127 வினாடி. முன்னால் நின்று கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர் 60 வினாடியில் இணைப்பைத் துண்டிக்கிறது என்றால், வாடிக்கையாளருக்குப் பிழைச் செய்தி தெரியும், அவர் மறுபடி "பே" பொத்தானை அழுத்துவார். புது ஆர்டர், புது எண், மீண்டும் பணம் போகும். எச்டிடிபி லைப்ரரி மூன்று முறை, சர்வீஸ் மூன்று முறை, கியூ மூன்று முறை என்று அடுக்கடுக்காக முயற்சித்தால் ஒரே கோரிக்கை 27 அழைப்பாகப் பெருகும். ஏற்கெனவே மூச்சுத் திணறும் கேட்வேயை அது படுக்கவே வைத்துவிடும். ஆகவே இந்த இடத்தில் சரியான தீர்வு பெரும்பாலும் ரீட்ரையே இல்லை. ஆர்டரை "நிலுவை" நிலையில் வைத்து, கேட்வேயின் நிலை அறியும் ஏபிஐ-யை அழைத்துப் பார்த்து, வெப்ஹூக் (கேட்வே தானாக அனுப்பும் தகவல்) வந்தால் புதுப்பித்து, தினமும் செட்டில்மென்ட் ஃபைலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும்.

அந்த ஆறு டெஸ்டும் ஏன் பச்சையாக இருந்தன? டெஸ்டுக்காக வைத்த மாக் (போலி) கேட்வே, பணம் எடுக்காமலேயே டைம் அவுட் கொடுத்தது. கோட் எந்தத் தப்பான எண்ணத்தில் எழுதப்பட்டதோ, அதே எண்ணத்தில் டெஸ்டும் எழுதப்பட்டது. கள்ளன் கையில் சாவி கொடுத்த கதை. வேண்டிய டெஸ்ட் இப்படி இருக்கும்: போலி கேட்வே முதலில் தன் கணக்கில் "பணம் எடுக்கப்பட்டது" என்று பதிந்துகொண்டு, பிறகு பதிலை விழுங்கிவிட வேண்டும். கடைசியில் எத்தனை முறை பணம் எடுக்கப்பட்டது என்று எண்ண வேண்டும். ஒன்று என்றால்தான் பச்சை.

"இதையெல்லாம் ஏஐ-யிடம் கேட்டால் அதுவே சொல்லுமே" என்பீர்கள். உண்மைதான், சொல்லும். இன்றைய நல்ல மாடல்கள் கேட்காமலேயே எச்சரிப்பதும் உண்டு. இன்னும் கூடும். ஆனால் உங்கள் கேட்வே அந்த எண்ணை எத்தனை மணி நேரம் நினைவில் வைத்திருக்கிறது, உங்கள் நிதிப் பிரிவு எத்தனை மணிக்குக் கணக்கை மூடுகிறது, பணம் இரண்டு முறை போனால் எத்தனை நாளில் திருப்பித் தருவதாக வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் ரெப்போவில் இல்லை. சில விஷயங்கள் ஒரு பழைய மெயிலில் இருக்கும், சில விஷயங்கள் ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும். மாடல் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் தன் முன் வைக்கப்படாததைப் படிக்க முடியாது.

டேட்டாபேஸிலும் இதே கதை. டேபிளில் எத்தனை வரிசை என்பது கோடில் எழுதியிருக்காது. டெவலப்மென்ட் மெஷினில் 200 வரிசை, இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) போடுவது கண் இமைக்கும் நேரத்தில் முடியும். ப்ரொடக்‌ஷனில் (வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நிஜ சிஸ்டத்தில்) 4 கோடி வரிசை. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் சாதாரணமாக இண்டெக்ஸ் போட்டால், அது முடியும் வரை அந்த டேபிளில் ஒருவரும் எழுத முடியாது. "கன்கரன்ட்லி" சேர்த்தால் எழுதலாம். ஆனால் அதை, முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத டிரான்சாக்‌ஷனுக்குள் ஓட்ட முடியாது, டேட்டாபேஸ் மாற்றங்களை ஏற்றும் பல மைக்ரேஷன் கருவிகளோ எல்லாவற்றையும் டிரான்சாக்‌ஷனுக்குள்தான் வைக்கும். நடுவில் நின்றுபோனால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சும், அதை நாமே நீக்கிவிட்டு மறுபடி போட வேண்டும்.

தீர்மானிக்கும் வேலை எவ்வளவு கனமானது என்பதற்கு நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தின் சம்பவத்தைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை. ஏஐ காலத்துக்கு முந்தையது. 2012 ஆகஸ்ட் 1, அமெரிக்கப் பங்குச் சந்தை. புது கோடை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டும், ஏழில்தான் ஏறியது. புது கோட், பல ஆண்டுகளாகப் பயன்படாத ஒரு பழைய வசதியை இயக்கும் ஃபிளாக் என்ற குறியீட்டையே மறுபடி எடுத்துப் பயன்படுத்தியிருந்தது. எட்டாவது சர்வரில் அந்தப் பழைய கோட் விழித்துக்கொண்டு, நிறுத்தமே இல்லாமல் ஆர்டர் அனுப்பியது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். பதறிப்போய்ச் செய்த திருத்தம்தான் இதில் முக்கியம்: சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புது கோடை நீக்கினார்கள். ஃபிளாக்கோடு வரும் ஆர்டர்கள் நிற்கவில்லை. எட்டு சர்வரிலும் பழைய கோட் ஓடத் தொடங்கி, நிலைமை இன்னும் மோசமானது. ரோல்பேக், அதாவது பழைய கோடுக்கே திரும்புவது, பத்தில் ஒன்பது முறை சரியான முதல் நடவடிக்கை. இது பத்தாவது முறை என்று நெருக்கடியில் கண்டுகொள்ள, அந்த ஃபிளாக்கின் வரலாறு யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் வேலை போகிறதே ஏன்? ஸ்டான்ஃபோர்டின் எரிக் பிரின்யோல்ஃப்சனும் அவரோடு மேலும் இருவரும் 2025 ஆகஸ்டில் அமெரிக்க நிறுவனங்களின் சம்பளப் பட்டியல் தரவை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 22 முதல் 25 வயது வரையிலான மென்பொருள் டெவலப்பர்களின் வேலைவாய்ப்பு, 2022 இறுதியில் இருந்த உச்சத்திலிருந்து ஏறக்குறைய 20 சதவீதம் இறங்கியிருந்தது. வயது கூடியவர்களுக்கு அப்படி இறங்கவில்லை. அடி முதலில் விழுந்தது புதிதாக வருபவர்கள் மீது.

இந்திய சேவை நிறுவனங்களில் படம் வேறு மாதிரி. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் ஏறக்குறைய 2 சதவீதத்தை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களை, குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுநிலையிலும் மூத்த நிலையிலும் இருப்பவர்கள். ஏஐ தரும் உற்பத்தித்திறன் இதற்குக் காரணம் இல்லை, திறன் பொருந்தாததும் பிராஜெக்டில் அமர்த்த முடியாததும்தான் காரணம் என்றார் தலைமை நிர்வாகி கே. கிருத்திவாசன். ஓஎம்ஆர் சாலையில் வேலை பார்க்கும் எவருக்கும் "அமர்த்த முடியாதது" என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. எட்டாவது ஆண்டில் லீட், பன்னிரண்டாவது ஆண்டில் மேனேஜர் என்று ஏறும்போது பலர் கோடை விட்டு விலகிவிடுகிறார்கள். மீதி ஆண்டுகள் ஸ்டேட்டஸ் ஷீட், எஸ்கலேஷன் கால், ஆள் கணக்கு என்று போகின்றன. அது அவர்கள் சோம்பலால் வந்தது இல்லை. தலைக்கு இவ்வளவு என்று பில் போடும் முறையில், பதவி உயர்வுக்கு இருந்த ஒரே வழி அது. 20 பேர் செய்ததை 14 பேரை வைத்துச் செய்யுங்கள் என்று கிளையன்ட் ஒப்பந்தப் புதுப்பிப்பில் கேட்டால், 20 பேரை மேய்த்தவரின் இடமும் ஆட்டம் காணும். அவருடைய ஆபத்து உண்மையானது. அதை மறைத்து ஆறுதல் சொல்வது அவருக்குத் துரோகம்.

உங்கள் நிலையைத் தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். கடந்த 3 மாதத்து டிக்கெட்டுகளை எடுத்து மூன்று குவியலாகப் பிரியுங்கள். டிக்கெட்டில் எழுதியிருந்ததை மட்டும் வைத்துச் செய்து முடித்தவை முதல் குவியல். ரெப்போவைப் படித்தால் யாரும் கண்டுபிடித்திருக்கக் கூடியவை இரண்டாவது. எங்கும் எழுதப்படாத ஒன்று உங்களுக்குத் தெரிந்ததால், அல்லது யாரிடம் கேட்பது என்று தெரிந்ததால் முடிந்தவை மூன்றாவது. முதலாவது இப்போதே ஏஜென்டின் கையில். இரண்டாவது வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. மூன்றாவதில் பத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை என்றால், இந்த பிராஜெக்டிலேயே ஆன்-கால், ப்ரொடக்‌ஷன் பிரச்சினை, டிசைன் ரிவ்யூ என்று இடம் மாறக் கேளுங்கள். பைத்தான் சர்டிஃபிகேட் வாங்கி இந்த ஓட்டையை அடைக்க முடியாது.

ஏஜென்டோடு வேலை செய்யும்போது சில கட்டுப்பாடுகள் கட்டாயம். ஒரு தடவைக்கு 200 முதல் 400 வரி வரைதான் மாற்றம். அதற்கு மேல் போனால் ரிவ்யூ செய்பவரின் கண் வெறுமனே ஓடும், பிழை பிடிபடாது. ப்ரொடக்‌ஷன் பாஸ்வேர்டு ஏஜென்டுக்குத் தெரியவே கூடாது. டேட்டாபேஸ் பார்க்க வேண்டுமென்றால், படிக்க மட்டும் அனுமதி உள்ள தனி யூசர். புது பேக்கேஜ் எதையும் அதுவாக நிறுவக் கூடாது. 16 மாடல்களிடம் 5.76 லட்சம் கோட் மாதிரிகளை எழுதவைத்த ஓர் ஆய்வில், அவை பரிந்துரைத்த பேக்கேஜ்களில் 19.7 சதவீதம் உலகில் எங்குமே இல்லாதவை. அப்படிப்பட்ட பெயரை ஒருவர் முன்கூட்டியே பதிவு செய்து, உள்ளே திருட்டு கோடை வைத்துக் காத்திருக்க முடியும். கோட் எழுதச் சொல்லும் முன், என்ன செய்யப்போகிறாய் என்று திட்டத்தை எழுதச் சொல்லுங்கள். தப்பு பெரும்பாலும் அந்த அரைப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். டெஸ்டில் எவை எவை சோதிக்கப்பட வேண்டும் என்ற பட்டியலை நீங்களே எழுதுங்கள். டெஸ்டின் கோடை அது எழுதட்டும்.

கடைசியாக, ஜாவாவும் ஆரக்கிளும் அறிந்த உங்களுக்கென்றே இருக்கும் ஒரு வேலை. ஆரக்கிளுக்குள்ளேயே ஓடும் பழைய பிஎல்/எஸ்க்யூஎல் ப்ரொசீஜர்களை ஜாவாவுக்கும் போஸ்ட்கிரெஸுக்கும் மாற்றுவது. ஏஐ கருவிகளால் இதன் செலவு குறைந்துவிட்டதால், தள்ளிப்போட்ட நிறுவனங்களும் இப்போது கையில் எடுக்க முடிகிறது. மொழிபெயர்ப்பைக் கருவி ஒரு நாளில் தந்துவிடும், பிழையில்லாமல் கம்பைலும் ஆகும். ஆனால் ஆரக்கிளில் வெற்று எழுத்துச்சரம் நல்-ஆகவே (மதிப்பே இல்லாததாகவே) கருதப்படும், போஸ்ட்கிரெஸில் இரண்டும் வேறு. நடுப்பெயர் இல்லாத வாடிக்கையாளர்களைத் தேடும் க்வெரி சத்தமில்லாமல் வேறு எண்ணிக்கை தரும். ஆரக்கிளின் டேட் வகையில் நேரமும் சேர்ந்திருக்கும், போஸ்ட்கிரெஸின் டேட்டில் இருக்காது. ஆரக்கிளில் -2.5-ஐ ரவுண்ட் செய்தால் -3. ஜாவாவின் மேத் ரவுண்ட் தருவது -2. வரவுகள் எல்லாம் சரியாக இருக்கும், ரீஃபண்டில் மட்டும் உதைக்கும்.

ஒரே ஒரு ப்ரொசீஜரை எடுத்துத் தொடங்குங்கள், மாதக் கடைசியில் ஓடுவதாக இருந்தால் நல்லது. அதில் காரணம் எழுதப்படாத ஒவ்வொரு நிபந்தனைக்கும், ஏன் அது இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். தெரியாததை இன்னும் பணியில் இருக்கும் பழைய ஆளிடம் இப்போதே கேளுங்கள், அவர் ஓய்வு பெற்றால் அந்த விடை கிடைக்காது. பழைய ப்ரொசீஜரை மூன்று மாதக் கடைசிகளின் தரவில் ஓட்டி, வெளியீட்டைச் சேமியுங்கள். அதில் ஒன்று மார்ச் 31 ஆக இருக்கட்டும். மாற்றி எழுதும் வேலையை ஏஜென்டிடம் கொடுங்கள். புது கோடை அதே தரவில் ஓட்டி வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வேறுபாடுகளைப் பிரிக்கும்போது சில, புது கோடின் பிழையாக இருக்கும். சில, பத்து ஆண்டாக யாரும் கவனிக்காத பழைய பிழையாக இருக்கும். இரண்டாவது வகையைத் திருத்துவதா அப்படியே விடுவதா என்பதை அக்கவுண்ட்ஸோடு உட்கார்ந்து முடிவு செய்து, அந்த முடிவைத் தேதியோடு ரெப்போவிலேயே எழுதிவையுங்கள். உங்களுக்கு ஒரு ஜூனியர் இருந்தால், அந்த ஒப்பீட்டு வேலையை அவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்யட்டும்.